கடைசி மடிப்பு

பிள்ளை வளர்ந்துவிட்டது என்று முடிவு செய்கிறவர் யார்? போன வருடத்துச் சட்டை சொல்கிறது, தோளில் இறுக்கிப் பிடித்து. பள்ளிக்கூடம் சொல்கிறது, மாடியில் இருக்கும் வகுப்புக்கு அனுப்பி. வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள் கன்னத்தைக் கிள்ளுவதை விட்டுவிட்டு மார்க் எவ்வளவு என்று கேட்கத் தொடங்குவதும் ஒருவகைத் தீர்ப்புத்தான். பிள்ளையிடமே கேட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. மடிப்புக்காரர் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டவர் அல்ல. அப்படிக் கேட்கிற வழக்கமே அவரிடம் இல்லை. ஆனால் அவருடைய வாழ்க்கையின் பின்பாதியைப் பார்க்கிறபோது, இந்தக் கேள்வி அவர் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கடைசிவரை நின்றுகொண்டிருந்தது போலத்தான் தெரிகிறது.

அச்சகத்தில் மடிக்கும் இயந்திரம் அவர் பொறுப்பு. அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே ஒருகணம் திரும்பிப் பார்ப்பார்.

அச்சாகி வரும் தாள் மேசை விரிப்பு அளவுக்குப் பெரியது. இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு என்று ஒரு புத்தகத்தின் பதினாறு பக்கங்கள் அதில் கிடக்கும். பாதி நேராக, பாதி தலைகீழாக. ஒன்றாம் பக்கத்தை ஒட்டிப் பதினாறு இருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு யாரோ தூக்கக் கலக்கத்தில் அடுக்கியது போலிருக்கும். அதையே மூன்று முறை மடித்தால், பக்கங்கள் நல்ல பிள்ளைகள் மாதிரி வரிசையில் வந்து நின்றுவிடும். மூன்று மடிப்பையும் போடுவது இயந்திரம். தாளைக் கோணாமல் உள்ளே கொடுப்பதும், மடிந்து வருவதை மேற்பார்வை பார்ப்பதும் அவர் வேலை. நாள் முழுக்க அந்தத் தடதடப்புக்கு நடுவிலேயே நின்றதில் காது மந்தமாகி, குரல் பெருத்துவிட்டது. அவர் வீட்டில் ரகசியம் பேசினாலும் தெருமுனைவரை கேட்கும்.

மனைவிக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. எப்போதும் மாலை முறைதான். மனைவி வீடு திரும்பும்போது மகள் தூங்கியிருப்பாள். ஒரே மகள். அவளைச் சாப்பிட வைத்து, பல் தேய்க்க வைத்து, படுக்க வைக்கும் வேலை மடிப்புக்காரர் தலையில் விழுந்தது. விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அவர் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியது அல்ல. குழந்தை கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடக்க, இவரும் அதற்கு இணையாக விழித்துக்கொண்டிருந்த காலத்தில், வழி சொன்னவர் அச்சு இயந்திரத்தை ஓட்டுகிற நண்பர். நகக்கண்ணில் எந்நேரமும் மை அப்பியிருப்பதால் பிற்பாடு மகள் அவருக்கு 'மை மாமா' என்று பெயர் வைத்தாள்.

"தாலாட்டெல்லாம் உனக்கு ஒத்து வராதுடா. உன் குரலுக்கு, தூங்குற குழந்தைகூட எந்திரிச்சு உக்காந்துடும். இந்தா, இதைக் கொண்டுபோய்ப் படிச்சுக் காட்டு."

அவர் கொடுத்தது கழிவுத் தாள். எந்த வேலையானாலும் இயந்திரம் ஓடத் தொடங்கியதும் முதலில் விழுகிற தாள்கள் உருப்படியாக இருக்காது. நீலம் ஒரு பக்கம் நகர்ந்திருக்கும், மஞ்சள் இன்னொரு பக்கம் வழிந்திருக்கும், சிவப்பு ஏறியே இருக்காது. நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்வரை விழுவதெல்லாம் கழிவு. அந்தத் தாள்களையே வேறு வேலைக்கு மையைச் சரிபார்க்க மறுபடியும் ஓட்டுவதும் உண்டு. ஆகவே ஒரு யானைக் கதையில், யானையின் வயிற்றின் மேல் 'வெந்நீரில் போடக்கூடாது' என்று ஒரு துணிக்கடைச் சீட்டு அச்சாகியிருந்தது.

இந்தத் தாள்களை மடிப்புக்காரர் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். சமையலறை மேசையை ஈரமில்லாமல் துடைத்து, தாளை விரித்து, கையால் மடித்து, கரண்டிக் காம்பால் அழுத்தித் தேய்த்து, ரொட்டி வெட்டும் கத்தியால் ஓரங்களை அறுத்து, முதுகில் இரண்டு தையல் போடுவார். மகளின் புத்தகங்கள் எல்லாம் இப்படி வந்தவை. எல்லா ஊரிலும் மனிதர்கள் மஞ்சளும் பச்சையுமாக இருப்பார்கள் என்பது அவளுக்கு இயல்பான விஷயம். பள்ளிக்கூட நூலகத்தில் அதே யானைக் கதையின் நல்ல பிரதியை முதன்முறை பார்த்துவிட்டு வந்து, பாவப்பட்ட குரலில் சொன்னாள்: "அப்பா, அங்க இருக்கிற யானைக்கு வயித்துல ஒண்ணுமே எழுதலப்பா. பாவம், யாராவது வெந்நீர்ல போட்டுடுவாங்க."

மடிப்புக்காரர் நன்றாகக் கதை படிக்கிறவர் என்று சொல்ல முடியாது. இயந்திரத்துக்குத் தாள் கொடுப்பது போல, ஒரே வேகத்தில், வரியின் அடியில் விரலை ஓட்டிக்கொண்டு படிப்பார். ஓநாய் பேசினாலும் ராணி பேசினாலும் ஒரே குரல், ஒரே சத்தம். மாடிப்படியில் எதிரே வரும் கீழ்வீட்டுக்காரர் நிறுத்தி விசாரிப்பார்: "நேத்து நான் பாதியில தூங்கிட்டேன். யானை குழியிலேர்ந்து வெளிய வந்துச்சா, இல்லையா?" ஆனாலும் வாசிப்பு ஒருநாளும் விரைவாக முடிந்ததில்லை. காரணம் மகள். அவர் எழுத்தைப் பார்த்துக்கொண்டு போவார். அவள் படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவர் பக்கத்தைத் திருப்பப் போகும்போது அவளுடைய உள்ளங்கை வந்து தாளின் மேல் உட்காரும்.

"இரு. இங்க ஒரு பூனை இருக்கு. கதையில அது வரவே இல்லையே."

"படம் போட்டவர் சும்மா போட்டிருப்பாரு."

"சும்மா யாராவது பூனை போடுவாங்களா?"

 அவள் கை எடுக்கும்வரை அவர் காத்திருந்தார். அவர் செய்தது அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது என்பதை அறிய அவருக்கு நெடுங்காலம் பிடித்தது.

படகுப் புத்தகம் வந்தபோது அவளுக்குப் பத்து வயது. பதினாறே பக்கம். ஊரார் ஒரு படகில் ஆற்றைக் கடக்கிறார்கள். பனிமூட்டத்தில் படகு திசை தவறிப் போகிறது. பயணிகளில் ஒரு சிறுமி. அப்புறம் கரையில் விளக்கோடு ஆட்கள் தேடி வந்து, எல்லோரும் வீடு சேர்கிறார்கள். அந்தத் தாளிலும் சிவப்பு ஏறவில்லை. அந்தப் புத்தகத்தில் தலைப்பும் பக்க எண்களும் சிவப்பில் போடப்பட்டிருந்தன என்பதுதான் வினை. எண்களே இல்லாத ஒரு தாளை வைத்துக்கொண்டு மடிப்புக்காரர் முதல் மடிப்பைச் சரியாகப் போட்டார், இரண்டாவதையும் சரியாகப் போட்டார், கடைசி மடிப்பை மட்டும் உள்பக்கம் போடுவதற்குப் பதில் வெளிப்பக்கம் போட்டுவிட்டார். தைத்தும் ஆயிற்று. படிக்க உட்கார்ந்தபோதுதான் கதை பாதியிலிருந்து தொடங்கியது. முதல் பக்கத்திலேயே விளக்கோடு தேடுகிறார்கள். நடுப்புத்தகத்தில் சிறுமி வீட்டுக் கட்டிலில் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள். அதற்கப்புறம் எல்லோரும் சந்தோஷமாகப் படகில் ஏறுகிறார்கள். கடைசிப் பக்கம் வெறும் பனிமூட்டம். கூட்டம் முன்பக்கம் நெருக்கியடித்து நிற்க, படகின் பின்கோடியில் அந்தச் சிறுமி தனியாக உட்கார்ந்திருக்கிறாள்.

"அய்யோ, பின்னாடியைத் தூக்கி முன்னாடி வச்சுட்டேன்" என்று அவர் தலையில் கைவைத்தார். "வேலை செய்யற இடத்துல தெரிஞ்சா சிரிப்பாங்க. குடு பாப்பா, தையலைப் பிரிச்சு மாத்தித் தரேன்."

அவள் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "வேணாம். இதுதான் நல்லாருக்கு. முதல்ல வீட்டுக்கு வந்துடறா. அப்புறமாத்தான் தொலைஞ்சு போறா. வந்து சேந்துடுவான்னு முன்னாடியே தெரிஞ்சுட்டா பயமே இல்ல பாரு."

மறுநாள் அவர் இதை மை மாமாவிடம் சொல்ல, மை மாமா ஒரு வாரத்துக்கு வாயை மூடவில்லை. யாராவது வேலைக்குத் தாமதமாக வந்தால், "பரவாயில்ல, முதல்ல வீட்டுக்குப் போயிட்டு அப்புறம் வா" என்பார்.

அந்தப் புத்தகம் நிலைத்துவிட்டது. மற்றவை வந்தன, போயின. இது தலையணைப் பக்கத்திலேயே இருந்தது. அவளுக்குப் பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. கால்கள் கட்டிலுக்கு வெளியே நீண்டன. தானே தடிப் புத்தகம் படிக்கத் தெரிந்த பெண்தான். ஆனாலும் இரவானால் அப்பா பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்து படம் பார்ப்பதை விடவில்லை. வயது ஏற ஏற, உள்ளங்கை ஒரு படத்தின் மேல் தங்கும் நேரமும் ஏறியது. அப்படித் தங்கும்போது பேச்சு வரும். அம்மாவுக்கு இருமல் நிற்கவேயில்லை என்பது வரும். கணக்கு டீச்சர் அழுததைப் பார்த்தது வரும். தன் மூக்கு அத்தை மூக்கு மாதிரி ஆகிவிடுமோ என்ற கவலை வரும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அந்தப் பேச்சுகள் வந்தன. நேருக்கு நேர் உட்கார வைத்துக் கேட்டால் ஒன்றுகூட வந்திருக்காது. மனிதர்கள் தம்மைப் பற்றிச் சொல்ல வேண்டியதை, மூன்றாவதாக ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். மடிப்புக்காரர் அப்போது இதையெல்லாம் யோசிக்கவில்லை. கதைதான் நடக்கிறது, பேச்சு குறுக்கே வருகிறது என்று நினைத்தார்.

அந்த வருடம் மகள் படகுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நிற்கத் தொடங்கினாள். கை எடுபடாது.

"அப்பா, இவ ஏன் தனியா உக்காந்திருக்கா?"

"முன்னாடி எடம் இல்ல போல."

இன்னொரு நாள்: "யாராவது ஒருத்தராவது திரும்பிப் பாக்கலாம்ல?"

"அவங்க பாதை தேடறாங்க பாப்பா."

இன்னொரு நாள் அவள் அந்தச் சிறுமியின் மேல் விரலை வைத்து, "அவ இப்ப என்ன நினைச்சிட்டு இருப்பா? நீ சொல்லேன்" என்றாள்.

அன்று இயந்திரம் மூன்று முறை தாளை விழுங்கியிருந்தது. அவருக்கு உடம்பெல்லாம் அசதி. மகளுடைய பழைய வேடிக்கையையே எடுத்து, சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவதான் முன்னாடியே வீட்டுக்கு வந்துட்டாளே! அப்புறம் என்ன கவலை? தூங்கு."

அவளும் சிரித்தாள். புத்தகத்தை மூடினார். விளக்கை அணைத்தார்.

சில நாள் கழித்து அவருடைய அக்கா வந்தார். அக்கா பள்ளி ஆசிரியை. தாய் தகப்பன் போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அவர் பேச்சைத் தம்பி தட்டியதில்லை. தட்டலாம் என்று தெரிந்ததும் இல்லை. அன்று மகளின் மார்க் தாளைப் பார்த்தார். எல்லாப் பாடத்திலும் இறங்கியிருந்தது. அப்புறம் படுக்கையறைக்குள் போய், தலையணைப் பக்கத்திலிருந்த புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தார்.

"இது என்னடா தம்பி?"

"புத்தகம் அக்கா."

"புத்தகம்னு எனக்குத் தெரியாதா? யாருக்கு?"

"பாப்பாவுக்கு. ராத்திரி படிச்சுக் காட்டுவேன்."

"பாப்பாவா? உன் தோளுக்கு வளந்து நிக்கறா, பாப்பாவாம்! பன்னெண்டு வயசுப் பொண்ணுக்கு பொம்மைப் படம் காட்டித் தூங்க வைக்கிறவன் ஊர்லயே நீ ஒருத்தனாத்தான் இருப்ப. அப்புறம் மார்க் எங்கேர்ந்து வரும்? ஸ்பூன்ல ஊட்டியும் விடறியா?"

"அவளுக்குப் பிடிக்குது..."

"பிடிக்கும்டா. யாருக்குப் பிடிக்காது? எனக்குக்கூடத்தான் நாள் பூரா படுத்துக்கிட்டுப் படம் பாக்கப் பிடிக்கும். நீதான் எட்டாவதோட நின்னுட்ட. அவளையும் படத்துலயே நிறுத்திடாத."

அக்கா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தம்பியின் படிப்பு நின்றதில் அவருக்கு இருந்த பழைய வலிதான் அப்படிப் பேசியது. மடிப்புக்காரருக்கும் அது தைத்தது. படம் என்பது எழுத்துக்குப் போகும் படி, ஏறியபின் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்றுதான் அவரும் மனதுக்குள் நம்பியிருந்தார். நான் நின்றுபோன இடத்தில் இவளும் நின்றுவிடக் கூடாது என்று ஒரு பயம் வந்தது. பயந்த மனிதர்கள் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை.

மறுநாள் காலை, மகள் பள்ளிக்குப் போன பிறகு, புத்தகங்கள் அத்தனையையும் பெட்டியில் அடுக்கினார். பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்திருக்கலாம். பரண்மேல் போட்டிருக்கலாம். அவர் அச்சகத்துக்கே திருப்பிக் கொண்டு போனார். அங்கே பின்கட்டில் கழிவுத் தாளை அழுத்திக் கட்டுகிற இயந்திரம் ஒன்று உண்டு. கட்டிய பொதிகள் கூழாக்கப் போய்விடும். மை மாமா பெட்டியைப் பார்த்துவிட்டார்.

"என்னடா, கட்டிக் குடுத்த பொண்ணு மாதிரி சரக்கு திரும்பி வருது?"

"பாப்பா பெரியவளாயிட்டா."

"யாரு சொன்னா? அவளா?"

மடிப்புக்காரர் பெட்டியை அந்த இயந்திரத்துக்குள் கவிழ்த்தார். படகுப் புத்தகம் கடைசியாக விழுந்தது. மேல்தட்டு இறங்கியது.

மாலையில் மகள் கட்டில் பக்கத்தைப் பார்த்தாள். அங்கே அத்தை வாங்கிக் கொடுத்த தடித்த புத்தகங்கள் நின்றன, படமே இல்லாமல்.

"அதெல்லாம் எங்கப்பா?"

"பெரிய பொண்ணாயிட்டேல்ல. இனிமே இதைப் படி. அத்தை சொன்னாங்க."

அவள் அதில் ஒன்றை எடுத்துப் புரட்டினாள். "சரிப்பா" என்றாள்.

அந்தச் 'சரி'யை அவர் கீழ்ப்படிதல் என்று எடுத்துக்கொண்டார். அழுதிருந்தால் யோசித்திருப்பார். அடம்பிடித்திருந்தால் எங்கேயாவது தேடி இன்னொரு தாள் கொண்டுவந்திருப்பார். அழாத பிள்ளையைப் பெரிய பிள்ளை என்று நினைத்துக்கொள்வது பெற்றவர்களுக்கு எளிது.

அதன்பின் இரவுகளில் அவள் அறையில் தானே படித்தாள்; அவர் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். மேசையைத் துடைப்பார். துடைத்த மேசையையே பார்த்துக்கொண்டிருப்பார். மார்க் ஏறியது; அக்கா சொன்னது பலித்தது, அதை மறுப்பதற்கில்லை. மாடிப்படியில் கீழ்வீட்டுக்காரர் கேட்டார்: "என்ன, இப்பல்லாம் சத்தத்தையே காணோம்? எல்லாரும் சுகந்தானே?" சுகம்தான் என்றார் மடிப்புக்காரர். சொல்லும்போதே அந்தச் சொல் அவருக்குச் சற்று அதிகப்படியாகத் தோன்றியது.

வகுப்பு முடிந்து விடுமுறை விட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மனைவி சலவைப் பிரிவில், தன்னோடு வேலை பார்க்கிறவளின் வாயிலிருந்து கேட்டு வந்தார். அவளுடைய மகளும் அதே வகுப்பு.

"உங்களுக்குத் தெரியுமாங்க? இந்த வருஷம் ரொம்ப நாள் நம்ம பொண்ணு கூட யாரும் பேசலயாம். பரீட்சையில யாரோ பாத்து எழுதினதை டீச்சர் கேட்டப்போ, இவ உண்மையைச் சொல்லிட்டாளாம். அதுக்காக மொத்த வகுப்பும் சேந்து இவளை ஒதுக்கிட்டாங்களாம். தண்ணிக் குழாய் பக்கத்துல தனியா உக்காந்து சாப்பிடுவாளாம். நான்தான் ராத்திரி வரேன். நீங்க கூடவே இருந்தீங்களே, உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலயா?"

மடிப்புக்காரர் வாயைத் திறந்தார். சொல்லவில்லை என்று சொல்ல வந்தவர் அதைச் சொல்லாமல் நின்றார். அவள் சொல்லியிருந்தாள். எத்தனையோ இரவு சொல்லியிருந்தாள். பனிமூட்டத்தில் பின்கோடியில் உட்கார்ந்திருந்தவள் மேல் கையை வைத்து, என்ன நினைக்கிறாள் என்று நீ சொல் என்று அவரிடமே கேட்டிருந்தாள். அவர் அவளுடைய வேடிக்கையை எடுத்து அவள் வாயையே அடைத்துவிட்டு, பிறகு பேசுகிற இடத்தையும் கூழாக்க அனுப்பியிருந்தார்.

அன்று இரவு அவள் அறைக் கதவைத் தட்டினார். அதற்கு முன் அந்தக் கதவை அவர் தட்டியதில்லை, மூடியிருந்தால்தானே தட்டுவதற்கு.

"பாப்பா... அந்தப் படகுல ஒரு பொண்ணு உக்காந்திருப்பாளே..."

அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "எந்தப் படகுப்பா?"

"கடைசிப் பக்கத்துல. தனியா."

அவளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நல்லதாக இருந்திருக்கும். "அம்மா சொன்னாங்களா? அதெல்லாம் முடிஞ்சு போச்சுப்பா. லீவு விடறதுக்கு முன்னாடியே சேந்து சாப்பிட ரெண்டு பேர் கிடைச்சாங்க. நீங்க போய்த் தூங்குங்க."

நீங்க என்றாள். என்றைக்கிலிருந்து அப்படிக் கூப்பிடுகிறாள் என்று அவர் யோசித்துப் பார்த்தார், பிடிபடவில்லை. மரியாதை தெரிந்த பெண் என்று அக்கா மெச்சிக்கொள்வார். மடிப்புக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு வந்து, துடைத்த மேசையை மறுபடி துடைத்தார்.

அவள் தன் பனிமூட்டத்தைத் தானே கடந்துவிட்டாள். அதுவும் நன்றாகவே கடந்தாள். படித்தாள், குடிநீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், வேறு ஊருக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவாள். மாத்திரை போட்டீங்களா, காதுக்கு டாக்டரைப் பாத்தீங்களா, குழாய்த் தண்ணியைக் காய்ச்சிக் குடிங்க. குறை சொல்ல ஒன்றும் இல்லாத மகள். அவர் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, சத்தமாக, ஆச்சும்மா, பாத்தாச்சும்மா என்பார். மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். அங்கே தாயும் மகளும் சிரிப்பார்கள். என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்லைங்க, அவ ஆபீஸ் கதை" என்பார் மனைவி. அந்தக் கதைகளில் ஒன்றுகூட அவர் பக்கம் வந்ததில்லை.

அவர் ஓய்வு பெறவிருந்த வருடம், ஒரு காலையில் மை மாமா அச்சு இயந்திரத்தருகிலிருந்து கையாட்டிக் கூப்பிட்டார். தலை முழுக்க நரைத்தும் நகக்கண் மட்டும் கறுப்பாகவே இருந்த மனிதர்.

"வந்து பாருடா. உன் படகு திரும்பி வந்திருக்கு."

அதே புத்தகம், மறுபதிப்பு. மடிப்புக்காரர் அந்த வாரம் முழுக்க அதைத்தான் மடித்தார். ஆயிரக்கணக்கில், எல்லாம் சரியாக. ஒவ்வொன்றிலும் சிறுமி முதலில் படகில் ஏறினாள், நடுவில் தொலைந்தாள், கடைசியில் கட்டிலில் தூங்கினாள். எண்கள் சிவப்பில் பளிச்சென்று வரிசையாக நின்றன. அவர் எதையும் கையில் எடுத்துப் புரட்டவில்லை.

"தைச்சு முடிச்சதுல நல்ல காப்பியா ஒண்ணு எடுத்துட்டுப் போயேன்" என்றார் மை மாமா. "கேட்டா குடுப்பாங்க. பொண்ணுக்குக் குடு."

"வேணாம்."

மாலையில் கிளம்பும்போது, கழிவுக் குவியலில் முதலில் விழுந்த தாள்களைப் புரட்டி, இரண்டு பக்கமும் சிவப்பு ஏறாத ஒன்றைத் தேடி எடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மை மாமா பார்த்தார். 

மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகி மகள் விடுப்பில் வந்து தங்கியிருந்த நாட்கள் அவை. அடுத்த நாள் அவள் அம்மாவுக்கு மருந்து வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, மடிப்புக்காரர் சமையலறை மேசையைத் துடைத்தார். தாளை விரித்தார். கரண்டியை எடுத்து வைத்தார், ரொட்டிக் கத்தியை எடுத்து வைத்தார், ஊசியில் நூலும் கோத்துவிட்டார். உள்ளறையிலிருந்து மனைவி, "என்னங்க பண்றீங்க? சத்தமே காணோம்" என்று குரல் கொடுத்தார்.  தாளின் ஒரு மூலையில் அந்தச் சிறுமி படகின் பின்கோடியில் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு மூலையில், தலைகீழாக, கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். எங்கேயும் எண் இல்லை. அவர் தாளின் விளிம்பைப் பிடித்தார். வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை. கண்ணை மூடிக்கொண்டும் செய்யலாம். வெகுநேரம் விளிம்பைப் பிடித்தபடியே நின்றார்.

பிறகு கரண்டியையும் கத்தியையும் ஊசியையும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, தாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய், மகளின் பழைய கட்டிலின் மேல் விரித்துவிட்டு வந்தார்.

மகள் திரும்பி வந்து அறைக்குள் போனாள். அவர் அவளுக்கு டீ போட்டு மேசையில் வைத்தார். அப்புறம் தாளோடு வெளியே வந்தாள். அச்சகத்து ஆட்கள் பிடிப்பது போல, கசங்காமல், எதிரெதிர் மூலைகளில் பிடித்திருந்தாள்.

"இன்னும் சிவப்பு ஏறலையே" என்றாள். பிறகு கேட்டாள்: "ஏன்ப்பா மடிக்காம வச்சிருக்க?"

காது மந்தம்தான். ஆனால் இது அவருக்குக் கேட்டது. கேட்காதது போல் காட்டிக்கொள்ளவும் இல்லை. மகளைப் பார்க்கவில்லை, அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அவளும் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டீ ஆறுது பாரு" என்றார்.

ஏன் மடிக்காமல் கொடுத்தார் என்று மனைவி பிறகு ஒருநாள் கேட்டார். மை மாமாவும் கேட்டார், கிண்டலாக ஒருமுறை, நிஜமாக ஒருமுறை. யாருக்கும் அவர் காரணம் சொல்லவில்லை. மகள் ஊருக்குக் கிளம்பியபோது தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாள். அங்கே அதை மடித்தாளா, மடித்தால் கடைசி மடிப்பை எந்தப் பக்கம் போட்டாள் என்று அவர் கேட்கவும் இல்லை.